கேம்பஸிலிருந்து கேபினட்டுக்கு!

டிகிரி முடிக்காத பசங்க கையில் ஒரு நாட்டைக் கொடுத்தா என்ன ஆகும்? 1960-ல் காங்கோவில் கொடுத்தே பார்த்தாங்க!



எல்லா காலேஜ் கேன்டீன்லயும் ஒரு கடைசி டேபிள் இருக்கும். அங்கே டீ ஆறிப்போகும், பேச்சு மட்டும் ஆறவே ஆறாது. போன மாசம் எங்க காலேஜ் கடைசி டேபிளில், இன்டர்னல் டெஸ்ட் சொதப்பின சோகத்தை மறக்க, நாங்க நாட்டு நிலவரத்தை அலசிக்கிட்டு இருந்தோம். அப்போ என் ரூம்மேட் டேபிளைத் தட்டிச் சொன்னான். ''இந்தப் பெரிசுங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு, ஆறே ஆறு மாசம் நாட்டை ஸ்டூடன்ட்ஸ் கையில கொடுக்கட்டும்டா. கலக்கிட மாட்டோம்?''

சொன்னவனுக்கு மூணு அரியர். இருந்தாலும் டேபிளே கை தட்டுச்சு. நானும்தான்!

நீங்களும் இதே டயலாக்கை ஒரு தடவையாவது சொல்லியிருப்பீங்க. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், இது உலகத்துல நிஜமாவே நடந்திருக்குன்னு? ஹிஸ்டரின்னா காத தூரம் ஓடுற எனக்கே, லைப்ரரியில் வேற ஏதோ தேடப்போய்த்தான் இது கண்ணில் பட்டது. நாடு, காங்கோ. வருஷம், 1960. சுதந்திரம் வாங்கி மூணு மாசம்கூட முடியலை. மந்திரிகளை ஓரம்கட்டிவிட்டு, காலேஜ் பசங்களையும் புதுசா டிகிரி வாங்கினவங்களையும் கூப்பிட்டு, 'இந்தாங்க, நாட்டை நீங்களே நடத்துங்க'ன்னு கொடுத்துட்டாங்க!

'ஆஹா, அப்புறம் என்னாச்சு?' அதைத்தான் சொல்லப்போறேன். கொஞ்சம் பெரிய கதை. டீ சொல்லிட்டு உட்காருங்க.

சொந்தத் தோட்டம் மாதிரி ஒரு நாடு!

மேப்பை எடுத்து ஆப்பிரிக்காவோட வயித்துல கை வைங்க. அதுதான் காங்கோ. பரப்பளவு சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவோட பரப்பில் மூணில் ரெண்டு பங்குக்கும் மேல். அதை ஆண்ட பெல்ஜியமோ ஐரோப்பாவில் தம்மாத்தூண்டு நாடு. பெல்ஜியத்தைப் போல 75 மடங்குக்கும் பெரிய நாடு காங்கோ!

1885-ல் இது பெல்ஜியம் நாட்டுக்குக்கூடச் சொந்தமில்லை. ரெண்டாம் லியோபோல்ட் என்ற மன்னரோட தனிச்சொத்து. ஆமாங்க, நம்ம ஊர்ல தோப்பு, வயல்னு வெச்சிருக்கிற மாதிரி அவர் ஒரு நாட்டையே வெச்சிருந்தார்! டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியது 1888-ல். அதுக்கப்புறம் உலகம் முழுக்க ரப்பருக்கு கிராக்கி. காட்டு ரப்பர் எடுத்துத் தரச் சொல்லி கிராமம் கிராமமா ஆட்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். சொன்ன அளவு வரலைன்னா அடி, சிறை, கொலை. வெட்டப்பட்ட கைகளோடு காங்கோ மக்கள் நிற்கும் போட்டோக்கள் உலகத்தையே உலுக்கின. 1908-ல் மன்னரிடமிருந்து பெல்ஜியம் அரசாங்கமே நாட்டை எடுத்துக்கொண்டது.

அதுக்கப்புறம் ரயில் வந்தது, சுரங்கம் வந்தது, மிஷனரிகள் நடத்திய ஆரம்பப் பள்ளிகள் நிறைய வந்தன. ஆனா, ஒரு கண்டிஷன். ஐந்தாங்கிளாஸ் படிக்கலாம், டைப் அடிக்கலாம், கிளார்க் ஆகலாம். அதுக்கு மேல போகப் படிக்கட்டே கிடையாது. காங்கோ பையன் மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆகலாம். டாக்டர் ஆக முடியாது. ராணுவத்தில் சார்ஜென்ட் வரைக்கும் போகலாம்; ஆபீசர் ஆக முடியாது.

பெல்ஜியத்தில் படித்துப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய முதல் காங்கோ மாணவர் தாமஸ் கான்ஸா. அவர் பட்டம் வாங்கிய வருஷம் 1956. அதாவது, சுதந்திரத்துக்கு வெறும் நாலு வருஷம் முன்னாடி!

ரியாக்டர் ரெடி, இன்ஜினீயர் எங்கே?

நம்மள மாதிரி இன்ஜினீயரிங் பசங்களைத் தூக்கிவாரிப்போடும் ஒரு மேட்டர் சொல்றேன். 1954-ல் தலைநகர் லியோபோல்ட்வில்லுக்கு வெளியே ஒரு குன்றின் மேல லொவானியம் என்ற யுனிவர்சிட்டியைத் திறந்தாங்க. (அந்தத் தலைநகரத்துக்கு இப்போ கின்ஷாசான்னு பேர்.) அந்த கேம்பஸில் 1959-ல் ஒரு அணு உலை இயங்க ஆரம்பிச்சது. ஆராய்ச்சிக்கான சின்ன ரியாக்டர்தான். ஆனா, ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே முதல் ரியாக்டர் அதுதான்! ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்துதான் போயிருந்தது.

இப்போ இந்தப் பக்கம் பாருங்க. 1960-ல் சுதந்திரம் வந்தபோது, மொத்த நாட்டிலும் டிகிரி வாங்கிய காங்கோ மக்கள் எத்தனை பேர்? 16-ன்னு ஒரு புத்தகம் சொல்லுது, 30-ன்னு இன்னொண்ணு சொல்லுது. எந்தக் கணக்கை எடுத்தாலும் எங்க கிளாஸோட ஸ்ட்ரென்த்தில் பாதியைத் தாண்டலை! அரசாங்கத்தின் மேல்மட்டப் பதவிகள் சுமார் 5,000 இருந்ததில் காங்கோக்காரர்கள் 3 பேர். சுமார் 25,000 பேர் இருந்த ராணுவத்தில் காங்கோ ஆபீசர், பூஜ்யம்.

கேம்பஸில் ரியாக்டர் இருக்கு. நாட்டுல இன்ஜினீயர் இல்லை. இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரலை பாஸ். பயமா இருந்தது.

30 வருஷ சிலபஸ், ஒரே நைட்ல படிப்பு!

1955-ல் வான் பில்சன் என்ற பெல்ஜியப் பேராசிரியர் ஒரு திட்டம் போட்டார். 'காங்கோ மக்களைப் படிக்கவெச்சு, டிரெய்னிங் கொடுத்து, 30 வருஷத்தில் சுதந்திரம் கொடுக்கலாம்' என்றார். பெல்ஜியத்தில் பலரும் அவரை ஏதோ தீவிரவாதி மாதிரி பார்த்தாங்க. '30 வருஷத்திலேயா? இவ்வளவு சீக்கிரமா?'

ஆனா, காலம் காத்திருக்கலை. 1959 ஜனவரி 4-ம் தேதி லியோபோல்ட்வில்லில் கலவரம் வெடிச்சது. பலர் செத்தாங்க. அடுத்த வருஷம் ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் வட்டமேஜை மாநாடு. சிறையில் இருந்த ஒரு தலைவரை, மாநாட்டுக்காக வெளியே விட்டு வரவெச்சாங்க. அவர் பேர் பாட்ரிஸ் லுமும்பா. போஸ்ட் ஆபீஸ் கிளார்க்கா இருந்தவர், அப்புறம் பீர் கம்பெனியில் சேல்ஸ் பார்த்தவர். யுனிவர்சிட்டிப் பக்கமே போகாதவர். பேச ஆரம்பிச்சா கூட்டம் கட்டுண்டு கிடக்கும்.

மாநாட்டில் தேதி குறிச்சாங்க. 1960 ஜூன் 30. வான் பில்சன் கேட்டது 30 வருஷம். கிடைச்சது சில மாசம். நம்ம பாஷையில் சொன்னா, மொத்த சிலபஸையும் எக்ஸாமுக்கு முதல் நாள் நைட்டு படிக்கிற கதை. ஒரு வித்தியாசம், இதில் சிலபஸை இத்தனை வருஷம் பூட்டி வெச்சது வாத்தியார்!

இருந்தாலும் ஜனங்க சந்தோஷமா இருந்தாங்க. 'இண்டிபெண்டன்ஸ் சா சா' என்ற பாட்டு ஆப்பிரிக்கா முழுக்க ரேடியோவில் தூள் கிளப்பிச்சு. 1960 மே மாசம் தேர்தல். லுமும்பா கட்சிக்கு மற்ற எல்லாக் கட்சியையும்விட அதிக இடம். அவர் பிரதமர் ஆனார். காஸாவுபு ஜனாதிபதி ஆனார்.

விழா மேடையில் வெடித்த பேச்சு

ஜூன் 30. சுதந்திர தின விழா. பெல்ஜியம் மன்னர் போதுவான் மேடையேறி, ரெண்டாம் லியோபோல்டின் மேதைமையைப் புகழ்ந்து பேசினார். கை வெட்டின ராஜாவைப் புகழ்ந்து, அதே ஜனங்க முன்னாடி! நிகழ்ச்சி நிரலில் லுமும்பா பேர் இல்லை. ஆனா எழுந்தார், பேசினார். அடியும் அவமானமும் பட்ட கதைகளையெல்லாம் மன்னர் முகத்துக்கு நேராகப் போட்டு உடைச்சார். ரேடியோவில் கேட்டுக்கிட்டிருந்த நாடே சிலிர்த்தது. பெல்ஜியக்காரர்கள் முகம் இறுகிப் போனது.

அஞ்சே நாள். ஜூலை 5-ம் தேதி. ராணுவத்தின் தலைமைத் தளபதி இன்னமும் பெல்ஜியக்காரர்தான். ஜான்சென்ஸ் என்று பேர். 'சுதந்திரம் வந்தாச்சே, எங்களுக்கு எப்போ ப்ரமோஷன்?' என்று முணுமுணுத்த சிப்பாய்களைக் கூட்டிவெச்சு, கரும்பலகையில் எழுதிக் காட்டினார். 'சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின்'.

அவ்வளவுதான்! சிப்பாய்கள் கலகத்தில் குதிச்சாங்க. ஆபீசர்களை அடிச்சாங்க. வெள்ளைக்கார குடும்பங்கள் மேல கொடூரமான தாக்குதல்கள் நடந்தன. லுமும்பா ஜான்சென்ஸை நீக்கினார், சிப்பாய்களுக்கு ஒரு படி ப்ரமோஷன் கொடுத்தார். ஆனாலும் தீ அணையலை. பெல்ஜிய அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் கிளம்பிட்டாங்க. டாக்டர் இல்லை, ஜட்ஜ் இல்லை, ஆபீஸில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஜூலை 10-ம் தேதி பெல்ஜியப் படை கேட்காமலே வந்து இறங்கியது. 11-ம் தேதி, தாமிரமும் கோபால்ட்டும் கொட்டிக்கிடக்கும் கட்டாங்கா மாகாணம் 'நாங்க தனி நாடு' என்று பிரிஞ்சது. அதன் தலைவர் ஷோம்பேக்குப் பின்னாடி பெல்ஜியமும் சுரங்கக் கம்பெனியும் நின்றன. ஆகஸ்ட்டில் வைர பூமியான தெற்கு கசாயும் பிரிஞ்சது.

சுதந்திரத்துக்கு வயசு ரெண்டு மாசம்கூட ஆகலை. கஜானாவுக்குப் படியளந்த மாகாணங்கள் கையை விட்டுப் போயாச்சு!

ஐ.நா. படை வந்தது. ஆனா, கட்டாங்காவில் சண்டை போட மாட்டோம்னு சொன்னது. கடுப்பான லுமும்பா சோவியத் யூனியனிடம் உதவி கேட்டார். ரஷ்ய விமானங்கள் வந்து இறங்கின. அமெரிக்காவுக்குத் தூக்கம் போச்சு. லுமும்பாவைக் கொல்ல சி.ஐ.ஏ. விஷம் அனுப்பிய கதை 1975-ல் அமெரிக்க செனட் விசாரணையிலேயே வெளியே வந்தது.

'உன்னை டிஸ்மிஸ் பண்றேன்!' 'நான் உன்னை டிஸ்மிஸ் பண்றேன்!'

செப்டம்பர் 5. ஜனாதிபதி காஸாவுபு ரேடியோவில் வந்து, 'லுமும்பாவை நீக்கிட்டேன்' என்றார். கொஞ்ச நேரத்தில் லுமும்பா அதே ரேடியோவில் வந்து, 'ஜனாதிபதியை நான் நீக்கிட்டேன்' என்றார். ஒரு நாடு, ரெண்டு டிஸ்மிஸ் ஆர்டர்!

இந்த இடத்தில்தான் நம்ம கதைக்குள்ள மொபுட்டு வர்றார். முன்னாள் சார்ஜென்ட், பிறகு பத்திரிகையாளர். லுமும்பாவே நம்பி ராணுவத் தலைமை அதிகாரிகளில் ஒருவராக்கிய ஆள். அப்போ வயசு 29. செப்டம்பர் 14-ம் தேதி ரேடியோவில் பேசினார். 'டிசம்பர் 31 வரைக்கும் எல்லா அரசியல்வாதிகளுக்கும் லீவு. அதுவரைக்கும் நாட்டை மாணவர்களும் படித்தவர்களும் நடத்துவாங்க.'

கேன்டீன் டயலாக், அப்படியே அச்சு அசலா!

பசங்க கேபினட்

அரசுக்குப் பேரே 'ஆணையர்கள் கல்லூரி'! அந்தப் பேரில் 'கல்லூரி'ன்னா குழு என்றுதான் அர்த்தம். ஆனா, இதில் பேரும் பொருத்தம். லொவானியத்தில் படிச்சுக்கிட்டிருந்தவங்களையும், பெல்ஜியத்தில் படிச்சுக்கிட்டிருந்தவங்களையும், அப்போதான் டிகிரி முடிச்சவங்களையும் கூப்பிட்டாங்க. பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பசங்க. செப்டம்பர் கடைசியில் காஸாவுபு முன்னிலையில் பொறுப்பேத்துக்கிட்டாங்க.

தலைவர் ஜஸ்டின் பொம்பொகோ. பிரஸ்ஸல்ஸில் பட்டம் வாங்கியவர், லுமும்பா மந்திரிசபையிலேயே வெளியுறவைப் பார்த்தவர். நிதி, ஆல்பர்ட் என்டெலே, வயசு 30. நீதித்துறை, மார்செல் லிஹாவ், சட்ட மாணவர். அவருக்குத் துணை எத்தியன் சிசெகெடி. லொவானியத்தில் லா படிச்சுக்கிட்டிருந்தவர், இன்னும் கோர்ஸே முடிக்கலை! வயசு 27.

யோசிச்சுப் பாருங்க. நேத்து வரைக்கும் செமினார் நோட்ஸ் எழுதிக்கிட்டிருந்த கை, இன்னிக்கு அரசாணையில் கையெழுத்துப் போடுது. ஹாஸ்டல் ரூமிலிருந்து அமைச்சர் ஆபீஸுக்கு. எந்த இருபது வயசுக்காரனுக்கு 'வேண்டாம்'னு சொல்ல மனசு வரும்?

அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஆபீஸ்கள் காலியாக் கிடந்தன. சம்பளம் கொடுக்கணும், பள்ளிக்கூடம் திறக்கணும், ஆஸ்பத்திரி நடக்கணும். யாராவது உட்கார்ந்துதானே ஆகணும்? படிச்சவங்களே அவ்வளவுதான் இருந்தாங்க. இதில் சிலர் நிஜமாவே திறமைசாலிகள். என்டெலே பின்னாடி வருஷக்கணக்கா நாட்டின் மத்திய வங்கி கவர்னரா இருந்தார்.

ஆனா, ஒரு விஷயம் உதைச்சது. பசங்களோடு கூடவே பழைய பெல்ஜிய ஆலோசகர்களும் திரும்பி வந்தாங்க. சில ஆணையர்களுக்குப் பின்னாடி அவங்களோட பழைய புரொபசரே நின்னார். அப்போ லியோபோல்ட்வில்லில் ஐ.நா-வின் பிரதிநிதி ஓர் இந்தியர், ராஜேஷ்வர் தயாள். 1960 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கை, பெல்ஜியர்கள் இப்படிப் பின்வாசல் வழியா திரும்புவதை வெளிப்படையாகக் கண்டிச்சது. அதுக்காகவே பெல்ஜியமும் அமெரிக்காவும் அவர் மேல பாய்ந்தன.

இப்போ நீங்களே சொல்லுங்க. பசங்களை யார் கேட்டு உட்காரவெச்சாங்க? ஓட்டுப் போட்ட ஜனங்களா? இல்லை. ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பார்லிமென்ட்டைப் பூட்டிட்டாங்க. உட்காரவெச்சது துப்பாக்கி வெச்சிருந்த ஒருத்தர். அப்போ அவங்க யாருக்குப் பதில் சொல்லணும்? அதே ஒருத்தருக்கு!

ஒரு விமானப் பயணம்

இனி வர்றது கதையோட இருட்டுப் பக்கம்.

லுமும்பா வீட்டுக்காவலில் இருந்தார். வாசலில் ஐ.நா. காவல், அதைச் சுற்றி மொபுட்டுவின் சிப்பாய்கள். நவம்பர் 27 ராத்திரி அங்கிருந்து தப்பித்தார். தன் ஆதரவாளர்கள் இருந்த ஸ்டான்லிவில் நோக்கிப் போகும் வழியில் டிசம்பர் 1-ம் தேதி பிடிபட்டார். கைகளைக் கட்டி, டிரக்கில் ஏற்றி, கேமராக்கள் முன்னாடி அடிச்சாங்க. அந்த ஃபிலிம் இன்னமும் இருக்கு. பார்த்தா அன்னிக்குச் சாப்பாடு இறங்காது.

1961 ஜனவரி 17. லுமும்பாவையும் அவர் சகாக்கள் ம்போலோ, ஒகிட்டோ இருவரையும் விமானத்தில் ஏற்றி, அவருடைய பரம எதிரி ஷோம்பே ஆண்ட கட்டாங்காவுக்கு அனுப்பினாங்க. அங்கே அனுப்பினா என்ன நடக்கும்னு அனுப்பினவங்களுக்குத் தெரியாதா? விமானம் முழுக்க அடி. அன்னிக்கு ராத்திரியே மூணு பேரையும் சுட்டுக் கொன்னாங்க, பெல்ஜிய அதிகாரிகள் கண் முன்னாடி. லுமும்பாவுக்கு வயசு 35. உடலைக்கூட விட்டுவைக்கலை, ஆசிட்டில் கரைச்சாங்க. அதைச் செய்த பெல்ஜியப் போலீஸ்காரர் ஒரு பல்லை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டார். அந்தப் பல் லுமும்பா குடும்பத்துக்குத் திரும்பக் கிடைச்சது எப்போ தெரியுமா? 2022 ஜூனில்! 61 வருஷம் கழிச்சு!

அந்த விமானத்தில் கைதிகளைக் கொண்டுபோய் ஒப்படைக்க யார் ஏறினாங்க தெரியுமா? 'ஆணையர்கள் கல்லூரி'யின் ஆணையர்கள் ரெண்டு பேர்.

படித்தவங்க. நாட்டோட விரல் விட்டு எண்ணக்கூடிய படித்தவங்க. இந்த வரியைப் படிச்சுட்டு நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். கேன்டீனில் கை தட்டினது ஞாபகம் வந்தது.

மூணு வாரத்தில், பிப்ரவரி 9-ம் தேதி, அந்தக் கல்லூரியையே கலைச்சுட்டாங்க. வேலை முடிஞ்சது. தேங்க்ஸ், போயிட்டு வாங்க!

கேம்பஸுக்குள்ள பார்லிமென்ட்

கேபினட்டுக்குப் போன பசங்க கேம்பஸுக்குத் திரும்பினாங்க. அதே வருஷம் ஜூலையில் பார்லிமென்ட்டே கேம்பஸுக்கு வந்தது! எம்.பி-க்களை எங்கே கூட்டினாலும் யாராவது மிரட்டுவாங்க, விலைக்கு வாங்குவாங்கன்னு பயம். அதனால லொவானியம் யுனிவர்சிட்டிக்குள்ள எல்லாரையும் வெச்சு, சுற்றி ஐ.நா. காவல் போட்டாங்க. வெளியுலகத் தொடர்பே கிடையாது. நம்ம லேடீஸ் ஹாஸ்டல் ரூல்ஸ் எல்லாம் அதுக்கு முன்னாடி ஜுஜுபி! ஆகஸ்ட் 2-ம் தேதி அடூலா என்பவரைப் பிரதமராத் தேர்ந்தெடுத்துட்டு வெளியே வந்தாங்க.

கட்டாங்கா பிரிவினையை முடிக்க 1963 ஜனவரி வரை ஆச்சு. இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. ஐ.நா. படையில் நம்ம ராணுவத்தின் ஒரு பிரிகேடே இருந்தது. 1961 டிசம்பர் 5-ம் தேதி, எலிசபெத்வில்லில் சாலைத் தடையை உடைக்கும் சண்டையில் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா உயிர் கொடுத்தார். வயசு 26. ஐ.நா. அமைதிப் படைப் பணியில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே இந்தியர் அவர்தான். சமாதானம் பேசக் கிளம்பிய ஐ.நா. பொதுச்செயலாளர் ஹாமர்ஷீல்டும் அதே வருஷம் செப்டம்பரில் விமானம் விழுந்து இறந்துபோனார். 1964-ல் மறுபடி பெரிய கலகம். நம்ம பசங்க டி-ஷர்ட்டில் போட்டுக்கிட்டுத் திரியுறாங்களே, சே குவேரா... அவரே 1965-ல் ஏழு மாசம் காங்கோ காட்டில் இருந்து, தோத்துப்போய்த் திரும்பினார்.

அந்த வருஷம் நவம்பரில் மொபுட்டு ரெண்டாவது தடவையா ஆட்சியைப் பிடிச்சார். இந்தத் தடவை பசங்களையெல்லாம் கூப்பிடலை, தானே உட்கார்ந்தார். 1997 வரை எழுந்திருக்கவே இல்லை. 32 வருஷம்!

அதே கை, அதே துப்பாக்கி

'பசங்க ஆட்சி நடத்தட்டும்' என்று சொன்ன மொபுட்டுவுக்குப் பசங்க மேல ரொம்பப் பிரியம்னு நினைக்கிறீங்களா?

1969 ஜூன் 4. ஸ்காலர்ஷிப் பணம் போதலை, யுனிவர்சிட்டி நிர்வாகத்தில் எங்களுக்கும் பங்கு வேணும்னு கேட்டு லொவானியம் மாணவர்கள் கின்ஷாசா தெருவில் ஊர்வலம் போனாங்க. ராணுவம் சுட்டது. அரசு சொன்ன கணக்கு 6 பேர். மாணவர்கள் சொன்ன கணக்கு அதைவிடப் பல மடங்கு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1971 ஜூனில், செத்துப்போன நண்பர்களுக்கு அஞ்சலி செலுத்தினாங்க மாணவர்கள். மொபுட்டு என்ன பண்ணினார்? யுனிவர்சிட்டியை இழுத்து மூடினார். மாணவர்களைப் பிடிச்சு ராணுவத்தில் சேர்த்துட்டார்! நோட்புக்கைப் பிடுங்கிட்டு யூனிஃபார்மைக் கொடுத்தார். நாட்டில் இருந்த மூணு யுனிவர்சிட்டிகளையும் ஒண்ணாக்கி அரசாங்கத்தின் கையில் வெச்சுக்கிட்டார். லொவானியம் என்ற பேரே அதோடு போச்சு.

1960-ல் தலையில் வெச்சுக் கொண்டாடினதும் அவர்தான். 1969-ல் சுடச் சொன்னதும் அவர்தான். 1960-ல் அவருக்கு ஒரு முகமூடி தேவைப்பட்டது. 'ராணுவ ஆட்சி'ன்னு சொன்னா உலகம் திட்டும். 'படித்த இளைஞர்கள் ஆட்சி'ன்னு சொன்னா கை தட்டும். 1969-ல் முகமூடி தேவையில்லை, அவ்வளவுதான்.

நானும் கையெழுத்துப் போட்டேன்!

இங்கே என் சொந்தக் கதை ஒண்ணு. சொல்லலைன்னா இந்தக் கட்டுரை பொய்யாகிடும்.

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு எலெக்‌ஷன் நடந்து ஒருத்தன் செக்ரெட்டரி ஆனான். என் நண்பன்தான். சிம்போசியம் செலவுக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டணும்னு கேட்டான். மேலிடத்துக்குப் பிடிக்கலை. ரெண்டே வாரத்தில் அவனைத் தூக்கிட்டாங்க. என்னைக் கூப்பிட்டு, 'நீ நல்லாப் படிக்கிற பையன், பொறுப்பான பையன், நீ பார்த்துக்கோ' என்றாங்க. எனக்குத் தலைகால் புரியலை. பிளேசர் தைச்சுக்கிட்டேன், போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். வந்த பில் எல்லாத்திலும் கையெழுத்துப் போட்டேன். எதையும் படிச்சுப் பார்க்கலை. சிம்போசியம் முடிஞ்ச அடுத்த நாளிலிருந்து ஆபீஸ் ரூமில் என்னை யாருக்கும் அடையாளமே தெரியலை. நண்பன் ஒரு செமஸ்டர் முழுக்க என்கூடப் பேசலை.

இதையும் காங்கோவையும் ஒண்ணா வெச்சுப் பேசக் கூடாது, தெரியும். அங்கே போனது உயிர். இங்கே போனது ஒரு நட்பு. ஆனா, கூப்பிட்ட குரல் ஒண்ணுதான். 'நீ நல்லாப் படிக்கிற பையன், நீ பார்த்துக்கோ.'

அதனால, நாட்டை ஸ்டூடன்ட்ஸ் நடத்த முடியுமா என்பது கேள்வியே இல்லை ஃப்ரெண்ட்ஸ். முடியலாம். அந்த நாற்காலியில் நேத்து யார் உட்கார்ந்திருந்தாங்க, அவங்களை யார் எழுப்பினாங்க, என்னை எதுக்குக் கூப்பிடுறாங்க... இதைக் கேட்டுட்டுத்தான் உட்காரணும். மார்க் ஷீட் நமக்கு நாற்காலி வாங்கித் தரும். அந்த நாற்காலியில் உட்கார உரிமை இருக்கான்னு அது சொல்லாது.

காங்கோ பசங்களை வில்லன்னு முத்திரை குத்திடாதீங்க. அவங்களில் சிலர் அந்தக் கேள்வியைப் பின்னாடி கேட்டாங்க. 'கோர்ஸே முடிக்கலை'ன்னு சொன்னேனே, சிசெகெடி. மொபுட்டு ஆட்சியிலும் மந்திரியா இருந்தவர்தான். ஆனா 1980-ல் இன்னும் 12 எம்.பி-க்களோடு சேர்ந்து மொபுட்டுவை எதிர்த்துக் கடிதம் எழுதினார். 1982-ல் தடையை மீறி எதிர்க்கட்சி தொடங்கினாங்க. அதில் பழைய நீதித்துறை ஆணையர் லிஹாவும் இருந்தார். சிறை, அடி, ஊர்க்காவல்னு சிசெகெடி பட்டது கொஞ்சநஞ்சமில்லை. 2017-ல் இறந்தார். அவர் மகன் ஃபெலிக்ஸ் 2019-ல் அந்த நாட்டின் ஜனாதிபதி ஆனார். கேள்வி கேட்க லேட் ஆகலாம். கேட்காமலே இருந்திடக் கூடாது.

போன வாரம் அதே கடைசி டேபிள். அதே ரூம்மேட். காங்கோ கதையை முழுசாச் சொன்னேன். டீ நிஜமாவே ஆறிப்போச்சு. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அவன் கேட்டான், ''சரிடா, உன் பழைய செக்ரெட்டரிகிட்ட பேசினியா?''

பேசலை. அன்னிக்கு ராத்திரிதான் அவன் ரூம் கதவைத் தட்டினேன். திறந்தான். சிம்போசியம் பில்களோட ஜெராக்ஸை அவன் கையில் கொடுத்தேன். ''இப்பவாவது படிச்சியா?'' என்றான்.

படிச்சேன். நோட்டீஸ் போர்டில் நாளைக்கு ஒட்டப்போறோம். ரெண்டு பேரும்.